60,000 காலன் சரக்கும் ஒரு தங்கக் கடிகாரமும்

விற்க வந்தது ஆலை. வாங்க வந்தவர்களுக்கு வேண்டியிருந்தது சரக்கு. 1947-இல் அயர்லாந்தில் நடந்த கூத்தை இந்த ஒரு வரியிலேயே முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடித்தால், கப்பலிலிருந்து கடலில் குதித்த ஆள் விட்டுப்போய்விடுவார். அவர் இல்லாத கதை உப்பில்லாத கஞ்சி.

அயர்லாந்தின் நட்டநடுவில், வெஸ்ட்மீத் கவுண்டியில், கில்பெக்கன் என்றொரு சின்ன ஊர். ப்ரோஸ்னா ஆற்றுத் தண்ணீரில் சக்கரம் சுற்ற, 1757 முதல் அங்கே விஸ்கி காய்ச்சினார்கள். ஆலை லாக் குடும்பத்தின் கைக்கு வந்தும் நூறாண்டு தாண்டியிருந்தது. 1947-இல் அதன் சொந்தக்காரர்கள் வயதான அக்காவும் தங்கையும். கட்டடம் பழசு, இயந்திரங்கள் அதைவிடப் பழசு. கிடங்கில் மட்டும் 60,000 காலன் விஸ்கி மரப்பீப்பாய்களில் தூங்கிக்கொண்டிருந்தது. விஸ்கிக்கு வயதானால் விலை ஏறும். ஆலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விற்றுவிடலாம் என்று சகோதரிகள் முடிவெடுத்தார்கள்.

போர் முடிந்து இரண்டே வருடம். பக்கத்து இங்கிலாந்தில் ரொட்டிக்கே ரேஷன் என்றால் விஸ்கிக்கு என்ன கதி? கறுப்புச் சந்தையில் காலனுக்கு 11 பவுண்டு தர ஆள் இருந்தது. 60,000-ஐ 11-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 6,60,000 பவுண்டு. ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் மொத்த ஆலைக்கும் தருவதாகச் சொன்ன விலை 3,05,000 பவுண்டு. பாட்டி காலத்து அண்டாக்கள் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை வந்ததன் ரகசியம் இந்த வாய்ப்பாட்டில் இருந்தது.

அவருடன் ஹொரேஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் வந்தார். விற்பனையைப் பார்த்துக்கொண்ட ஏல நிறுவனத்தில் க்வர்க் என்பவர் பங்குதாரர். அவர் ஆளும் ஃபியனா ஃபாயில் கட்சியின் செனட்டரும்கூட. வந்த விருந்தாளியைச் சும்மா அனுப்புவதா? குடியரசுத் தலைவர் ஷான் டி. ஓ'கெல்லியின் மாளிகையில் சுவிஸ்காரருக்குத் தேநீர் உபசாரம் நடந்தது. ஆலை வாங்குகிறவருக்கு நாட்டின் முதல் குடிமகன் வீட்டில் டீ! நம் ஊரில் வீடு வாங்கினால் தரகர் அதிகம் போனால் ஒரு காபி வாங்கித் தருவார்.

டீ குடித்தாயிற்று, அட்வான்ஸ் வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் போலீஸ்தான் வந்தது. விசாரித்தால், ஸ்மித் ஸ்மித்தே இல்லை. அசல் பெயர் மாக்ஸிமோ. லண்டன் ஸ்காட்லாந்து யார்டு தேடிக்கொண்டிருந்த ஆசாமி. அவரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவரோ நடுவழியில் கடலில் குதித்து, யாருடைய உதவியாலோ தப்பிவிட்டார். கரையில் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது வெறும் கப்பல்.

இதுவரை நடந்ததெல்லாம் ஒரு மோசடி முயற்சி, அவ்வளவுதான். போலீஸ் கோப்பில் தூசு படிந்து போயிருக்கும். அப்போதுதான் டப்ளின் லென்ஸ்டர் மாளிகையில், டாயில் என்கிற நாடாளுமன்றக் கீழவையில், 27 வயது இளைஞர் ஒருவர் எழுந்து நின்றார்.

ஆலிவர் ஜே. ஃபிளனகன். தச்சு வேலை தெரிந்தவர். மரச்சட்டம் அடித்த கை 1943-இல் லீஷ்–ஆஃபலி தொகுதியிலிருந்து நாட்டுச் சட்டம் இயற்ற வந்துவிட்டது. கட்சி: பணச் சீர்திருத்தம். டாயிலில் அந்தக் கட்சிக்கு இருந்த ஒரே உறுப்பினர் அவர். ஆகவே கொறடா உத்தரவை மீற வழியே கிடையாது. ஆளைப் பார்த்தால் வெகுளி மாதிரி இருக்கும் என்று சிரித்துவிட்டுப் போய்விட முடியாது. அவையில் நுழைந்த சில நாட்களிலேயே, ஜெர்மனி யூதர்களைத் துரத்தியது நல்ல காரியம், நாமும் செய்ய வேண்டும் என்று பேசியவர். 1943 ஜூலையில், அந்த மக்களை ரயில் ரயிலாகக் கொல்லக் கொண்டுபோய்க்கொண்டிருந்த மாதத்தில். அந்தப் பேச்சு இன்றும் அவைக் குறிப்பில் அச்சாகி நிற்கிறது. வெளிநாட்டான் வந்து நம் சொத்தைச் சுருட்டுகிறான் என்ற பாட்டுதான் அவருக்குத் தெரிந்த பாட்டு. இப்போது சுவிட்சர்லாந்திலிருந்தே பக்கவாத்தியம் வந்து இறங்கியிருந்தது.

டாயிலில் ஒரு வசதி உண்டு. உறுப்பினர் அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம். பதில் பிடிக்கவில்லையென்றால், அந்தக் காலத்தில் அன்றைய அலுவல் முடியும் நேரத்தில் அதையே மறுபடி கிளப்பவும் முடிந்தது. இன்னொரு வசதி இதைவிடப் பெரிது: அவைக்குள் பேசிய எதற்கும் நீதிமன்றம் அவரைக் கூப்பிட முடியாது. வாசலுக்கு வெளியே சொன்னால் மானநஷ்ட வழக்கு. உள்ளே சொன்னால் மக்கள் பணி. ஃபிளனகன் இரண்டு வசதிகளையும் சேர்த்துப் பிசைந்தார். 1947 அக்டோபரில் அவர் கேட்ட கேள்விகளில் கேள்விக்குறியை விடக் குற்றச்சாட்டே அதிகம். இந்த விற்பனைக்குப் பின்னால் ஆளுங்கட்சிப் பெரிய கைகள் இருக்கின்றன என்றார். பிரதமர் டி வலேராவின் குடும்பத்துக்குச் சுவிஸ்காரர் தங்கக் கைக்கடிகாரம் கொடுத்தார் என்றார்.

ஏற்றுமதி அனுமதி, அந்நியச் செலாவணி, கம்பெனிப் பதிவு என்று பேசியிருந்தால் ஊர் கொட்டாவி விட்டிருக்கும். தங்கக் கடிகாரம் அப்படியா? அதைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் அதன் டிக் டிக் கேட்க ஆரம்பித்துவிட்டது. சுவிஸ்காரர் கடிகாரம் கொடுக்காமல் கருவாடா கொடுப்பார்?

டி வலேரா அரசியலுக்கு வரும் முன் கணக்கு வாத்தியார். அந்தப் புத்தி போகவில்லை. மூன்று நீதிபதிகளை உட்கார வைத்து, சாட்சிகளைக் கூப்பிட்டு, படிப்படியாக நிரூபித்துக் கடைசியில் விடையின் கீழ் கோடு போட்டுவிட்டால் வகுப்பு அடங்கிவிடும் என்று நம்பினார். விசாரணை மன்றம் அமைந்தது. ஃபிளனகனும் சாட்சிக் கூண்டேறினார். அங்கே அவைச் சிறப்புரிமை இல்லை, வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஆதாரம் எங்கே என்றார்கள். அவர் சொற்பொழிவு செய்தார்.

டிசம்பரில் அறிக்கை வந்தது. குற்றச்சாட்டுகளுக்கு அடிப்படையே இல்லை; சொன்னவர் பொறுப்பில்லாமல் சொல்லியிருக்கிறார்; இரண்டு விஷயங்களில் பொய் என்று தெரிந்தே எங்களிடம் பொய் சொன்னார். இவை மூன்று நீதிபதிகள் கையெழுத்திட்ட முடிவுகள். இப்படி ஒரு சான்றிதழ் கிடைத்தால் மனுஷன் வெளியே தலைகாட்ட முடியுமா?

1948 பிப்ரவரி 4 அன்று பொதுத்தேர்தல். லீஷ்–ஆஃபலி மக்கள் அவருக்குப் போட்ட முதல் விருப்ப வாக்குகள் 14,000-க்கும் மேல். அதற்கு முந்தைய தேர்தலை விட அதிகம்! டி வலேராவோ பெரும்பான்மை இழந்து, 16 ஆண்டு இடைவெளியில்லாமல் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து இறங்கினார். எதிரே இருந்த ஐந்து கட்சிகளும் சுயேச்சைகளும், ஒருவரையொருவர் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்ளும் பேர்வழிகள், கைகோத்து ஆட்சி அமைத்தார்கள்.

ஒரு கடிகாரமா இவ்வளவும் செய்தது? இல்லை. விலைவாசி இருந்தது, ஆசிரியர் வேலைநிறுத்தம் இருந்தது, 1947-இன் கொடும்பனிக் குளிர்காலம் இருந்தது, ஷான் மக்பிரைடின் புதுக்கட்சி இடைத்தேர்தல்களில் ஜெயித்திருந்தது. ஆனால் கோபத்தில் இருக்கிறவனுக்குக் காரணப் பட்டியல் பிடிக்காது. கையில் பிடிக்க ஒரு பொருள் வேண்டும். ஃபிளனகன் அதைக் கொடுத்தார். நீதிபதிகள் அறிக்கையாகக் கொடுத்தது வெறும் காகிதம்.

ஒழுங்காகக் கேள்வி கேட்டவர்களுக்கு இதே அவையில் என்ன மரியாதை கிடைத்தது என்பதையும் பார்க்கலாம். 1980-களின் கடைசியில் பாரி டெஸ்மண்ட், தோமாஸ் மக் கில்லா, பாட் ராபிட் போன்ற எதிர்க்கட்சிக்காரர்கள் மாட்டிறைச்சி பற்றிக் கேட்டார்கள். இராக்குக்குப் போகும் இறைச்சிக்கு அரசு தரும் காப்பீடு என்ன கணக்கு, இறைச்சி வியாபாரி லாரி குட்மேன் நிறுவனத்துக்கு ஏன் இவ்வளவு? இதில் கடிகாரமும் இல்லை, கடலில் குதித்தவனும் இல்லை. வந்த பதில்கள் வழுக்கு மரம். 1991-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்று விஷயத்தை உடைத்த பிறகு விசாரணை மன்றம் வந்தது. மூன்று ஆண்டு, ஏறத்தாழ 900 பக்க அறிக்கை. அரசு காப்பீடு கொடுத்த இராக் இறைச்சியில் 38 சதவீதம் அயர்லாந்துக் குடியரசின் மாடே இல்லை என்று அதில் தெரிந்தது. இங்கே சொன்ன மாதிரி டாயிலிலேயே பதில் சொல்லியிருந்தால் இந்த விசாரணையே தேவைப்பட்டிருக்காது என்று நீதிபதி லியம் ஹாமில்டன் நொந்துகொண்டார். இத்தனைக்கும் பிறகு குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவர், செய்தியை வெளியே கொண்டுவந்த பத்திரிகையாளர் சூசன் ஓ'கீஃப்தான். தகவல் கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லையாம். 1995-இல் விடுதலையானார்.

ஃபிளனகனோ நன்றாகவே இருந்தார். ஃபைன் கேல் கட்சியில் சேர்ந்தார், 1976 கடைசியில் பாதுகாப்பு அமைச்சரும் ஆனார். 1987 வரை, 44 ஆண்டுகள், அதே தொகுதி. தொலைக்காட்சி வருவதற்கு முன் அயர்லாந்தில் பாலுறவே கிடையாது என்று ஒருமுறை சொல்லி நாட்டையே சிரிக்க வைத்தார். பெரிய குடும்பங்களுக்குப் பேர்போன அந்த நாட்டில், அவ்வளவு பிள்ளைகளும் வானொலி வழியாக வந்தார்கள் போலிருக்கிறது.

கெட்டது கில்பெக்கன்தான். ஊழல் இருந்ததோ இல்லையோ, பெயர் நாறியது. ஆலையை வாங்க ஆள் வரவில்லை. 1953-இல் அடுப்பு அணைந்தது. 1958-இல், 201 வயதில், கதவும் மூடியது. 1962-இல் ஒரு ஜெர்மானியர் வந்து 10,000 பவுண்டுக்கு மொத்தத்தையும் வாங்கினார். முதல் வேலையாக மிச்சமிருந்த விஸ்கியை விற்றுக் காசாக்கினார். சுவிஸ்காரர் போட்ட அதே கணக்கு. என்ன, இவர் பணம் கட்டினார். டீ குடிக்கவும் போகவில்லை. கேள்விகேட்பார் இல்லாமல் வேலை கச்சிதமாக முடிந்தது.

2007-இல் அங்கே மறுபடி விஸ்கி காய்ச்சத் தொடங்கினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பு, சரக்கு தீர்ந்த கட்டடங்களில் அந்த ஜெர்மானியர் பன்றி வளர்த்தார். வாயில்லா ஜீவன்கள். கேள்வியும் கேட்காது, கடிகாரமும் கேட்காது.