கச்சான் சாக்லேட் துண்டின் பூர்வீகம்: ஓர் ஒட்டியல் ஆய்வு

புஞ்சாக் ஆலாம் வட்டாரத் தீபாவளித் தட்டுகளில் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி ஆகிய மூத்தோருக்குப் பக்கத்தில், கறுத்து, சதுரமாக, லேசாக வியர்த்துக்கொண்டு ஒரு பொருள் அமர்ந்திருப்பதைக் கல்வியுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. உருக்கிய சாக்லேட்டில் கச்சான் வெண்ணெயைக் கலந்து, கோர்ன்பிளேக்ஸையும் உடைத்த பருப்புகளையும் அதில் புரட்டி, தட்டில் அழுத்தி, ஐஸ் பெட்டியில் இறுகவைத்துத் துண்டு போட்டால் அந்தப் பொருள் கிடைக்கும். அடுப்பில் வைத்துச் சுட வேண்டாம் என்பதே அதன் புகழ். 1966 ஏப்ரலில் தனிநாயக அடிகளின் முயற்சியால் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியபோது அறிஞர்கள் இலக்கியம் பேசினார்கள், மொழி பேசினார்கள், வரலாறு பேசினார்கள். இத்துண்டைப் பேசவில்லை. பின்னர் கூடிய மாநாடுகள் பொன்னாடைக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு பகுதியையாவது இதற்குக் கொடுத்திருக்கலாம். துண்டின் பூர்வீகம் எது என்று கேட்டால், சாக்லேட்டைப் பார்ப்பவர் மெக்சிகோ என்கிறார், கச்சானைப் பார்ப்பவர் தென்னமெரிக்கா என்கிறார், கோர்ன்பிளேக்ஸ் பெட்டியைப் பார்ப்பவர் மிச்சிகன் என்கிறார். மூவரும் தவறு. அது கோல சிலாங்கூர் மாவட்டத்துக்குரியது என்பதை இக்கட்டுரை நிறுவும். சொற்பிறப்பியல் வழியாக நிறுவும் எண்ணம் இல்லை; அந்த வழியில் எதையும் நிறுவிவிடலாம் என்பதால் அதில் பெருமை இல்லை.

ஒரு தின்பண்டத்தின் பூர்வீகத்தை அதன் தோற்றத்தில் தேடுவது பழைய முறை. அதைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது என்று கேட்பதே சரியான முறை. இம்முறைக்கு ‘ஒட்டியல்’ என்று பெயரிட்டிருக்கிறோம். பெயரில்லாத முறைக்கு ஆய்வு நிதி கிடைப்பதில்லை. ஒட்டு இல்லாத கோர்ன்பிளேக்ஸ் வெறும் காலைப் பசியாறல். ஒட்டு இல்லாத கச்சான், தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் போட்டு விற்கும் கச்சாங் பூத்தே. இரண்டும் கூடி ஒரு துண்டாகக் கையில் நிற்பது ஒட்டு வந்த பிறகுதான். மூத்த பலகாரங்களும் இதற்குச் சாட்சி. கெட்டி உருண்டையை உருண்டையாக்குவது வறுத்த மாவு அன்று, வெல்லப்பாகு. பாகு இளம்பதத்தில் இறங்கினால் உருண்டை உதிரும். முற்றினால் பல் உதிரும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயை எடுத்துக்கொள்வோம். கரிசல் மண்ணில் விளைந்த கடலையும் வெல்லமும் தாமிரபரணித் தண்ணீரும் சேர்ந்ததால் வந்த சுவை என்பது அவ்வூராரின் வாதம். தண்ணீர் கடலைக்குள் போகவில்லை, பாகுக்குள் போகிறது, பாகுதான் ஒட்டு. எனவே இந்திய அரசே ஒட்டியலை ஏற்றுக்கொண்டுவிட்டது எனக் கொள்க. கோவில்பட்டிக்கு அண்டை ஊரான எட்டயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள்தான் ஈப்போ புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தேயை உருவாக்கினார்கள் என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. நம் வாதத்துக்கு அது தேவையில்லை. தேவையில்லாத செய்தி ஒன்றாவது இல்லாவிட்டால் ஆய்வுக் கட்டுரை என்று யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் சேர்த்தோம்.

இந்த இடத்தில் அமெரிக்கக் கட்சியினர் குறுக்கிடுவார்கள். 1939இல் கெல்லாக்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரு பெண்கள், சிறுமியர் சங்கம் ஒன்றின் நிதி திரட்டலுக்காக அரிசிப் பொரியை மார்ஷ்மெல்லோவில் புரட்டித் தட்டையாக வெட்டினார்கள். சுடாத தானியத் துண்டுகள் அனைத்துக்கும் அதுவே தாய் என்பது அவர்கள் கட்சி. செய்தி உண்மை, முடிவு தவறு. மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரையும் ஜெலட்டினும். அதாவது அங்கே ஒட்டு, சர்க்கரை. அரிசிப் பொரியைச் சர்க்கரைப் பிசினில் பிடித்தால் அதற்குப் பெயர் பொரி உருண்டை. கார்த்திகைத் தீபத்துக்கு நம் வீடுகளில் பிடிப்பது. அமெரிக்கர்கள் செய்ததெல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்து தட்டையாக்கியது மட்டுமே. நம் துண்டில் பாகும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. அது இறுகுவது கொழுப்பினால். பாகுக் குலமும் கொழுப்புக் குலமும் வேறு வேறு. இரண்டுக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை கிடையாது. எதிர்வாதம் நமக்கே சான்றாகிவிட்டது. எதிர்வாதங்கள் பொதுவாக அப்படித்தான் முடியும்; வேறு மாதிரி முடியக்கூடியவற்றை நாம் எழுப்புவதில்லை.

சுட வேண்டாம் என்ற புகழையும் சற்று உரித்துப் பார்க்க வேண்டும். கோர்ன்பிளேக்ஸ் ஆலையில் வெந்து, உருளையில் தட்டையாகி, சூளையில் வறுபட்டு வந்தது. கச்சானை வறுக்காமல் அரைத்தால் வெண்ணெய்க்கு அந்த வாசம் வராது. கோக்கோக் கொட்டை புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்த பிறகே சாக்லேட் என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது. துண்டில் உள்ள ஒவ்வொன்றும் எங்கோ, யாராலோ, நன்றாகச் சுடப்பட்டிருக்கிறது. கடைசியில் கலந்தவர் மட்டும், நான் சுடவே இல்லை என்கிறார். சுட்டவர் ஒருவர், பெயர் பெறுபவர் இன்னொருவர். முனைவர் பட்ட ஆய்வேடுகள் சிலவற்றோடு இத்துண்டுக்குள்ள உறவு இந்த ஒரு புள்ளியில் மிக நெருக்கமானது. பருப்புகளைப் பொறுத்தவரை முந்திரி, பாதாம், வால்நட் எதையும் போடலாம்; அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

இனி மூலச் சான்றுகள். கச்சான் விழுதுக்கு 1884இல் மார்சலஸ் எட்சன் என்ற கனடா நாட்டவர் காப்புரிமை பெற்றார். ஆனால் அரைத்த கச்சானை நிற்கவைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும், சக்கை கீழே உறையும். 1920களில் அமெரிக்கரான ஜோசப் ரோஸ்ஃபீல்ட், எண்ணெயை ஹைட்ரஜனேற்றிக் கெட்டிப்படுத்தி அதைப் பிரியவிடாமல் நிறுத்தினார். இன்று அந்த வேலையைப் பல சாடிகளில் செம்பனைக் கொழுப்பு பார்க்கிறது (சான்று: கச்சான் வெண்ணெய்ச் சாடி, பின்முகம், கூட்டுப்பொருள் பகுதி, இரண்டாம் வரி). மளிகைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சமையல் சாக்லேட்டோ கோக்கோ வெண்ணெயை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டது. கோக்கோத் தூள், சர்க்கரை, செம்பனைப் பருப்பின் கொழுப்பு மூன்றும் சேர்ந்ததே அது (சான்று: சமையல் சாக்லேட் பொட்டலம், அடிமடிப்பு, பசை காய்ந்த இடம், இரண்டு எழுத்துகள் சிதைந்துள்ளன, அவற்றை நமக்குச் சாதகமாக வாசித்திருக்கிறோம், கல்வெட்டியலில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு). கோக்கோ வெண்ணெய் உள்ள சாக்லேட்டை வெப்பநிலை பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கிப் பதப்படுத்தாவிட்டால் மேலே சாம்பல் பூக்கும். பருப்புக் கொழுப்புச் சாக்லேட்டுக்கு அந்தப் பத்தியம் இல்லை, உருக்கி ஊற்றினால் போதும். வீட்டில் எவரும் இத்துண்டைச் செய்ய முடிவதன் இரகசியம் இதுதான் (சான்று: மேற்படி பொட்டலத்தின் வேறொரு பிரதி, கடை அடுக்கின் கீழ்த்தட்டு, விலைக் குறைப்பு ஒட்டுத்தாளுக்கு அடியில், ஒட்டுத்தாள் பிற்கால இடைச்செருகல், அதை நகத்தால் சுரண்டிய முன்னோடி ஆய்வாளர் பாதியில் நிறுத்தியிருக்கிறார், கடைக்காரர் பார்த்துவிட்டார் போலும், எஞ்சிய பாதிக்கு ஒப்பிடுக: அதே அடுக்கு, மேல்தட்டு, விலை குறைக்கப்படாத பிரதி). இச்சாசனங்கள் பெரும்பாலும் மலாய், ஆங்கிலம், சீனம் என மும்மொழியில் உள்ளன. 1409ஆம் ஆண்டுத் தேதியோடு சீனத் தளபதி செங் ஹோ இலங்கையின் காலியில் நிறுத்திய மும்மொழிக் கல்வெட்டில் சீனத்துக்கும் பாரசீகத்துக்கும் நடுவே தமிழுக்கு இடம் இருந்தது. கச்சான் வெண்ணெய்ச் சாடியில் அந்த இடம் பறிபோயிருக்கிறது. மாநாட்டுத் தீர்மானம் ஒன்றுக்கு இது போதும்.

ஒட்டு செம்பனை என்று காட்டிவிட்டோம். ஆனால் சுவிட்சர்லாந்தில் அசல் கோக்கோ வெண்ணெயில் செய்த துண்டு நிற்கவில்லையா என்று கேட்கலாம். நிற்கும், சுவிட்சர்லாந்தில். புஞ்சாக் ஆலாமில் பிற்பகல் வெப்பம் 32, 33 பாகை செல்சியஸைத் தொடுவது சாதாரணம். கோக்கோ வெண்ணெய் 34 பாகை அளவில் உருகும். அதற்குச் சில பாகை முன்பே இளகத் தொடங்கிவிடும். கச்சான் எண்ணெய் அறை வெப்பத்தில் திரவம். அது கலந்தால் சாக்லேட்டின் உறுதி மேலும் குறையும். அசல் சாக்லேட் துண்டு புஞ்சாக் ஆலாமின் திறந்த இல்ல உபசரிப்பு மேசையில் பிற்பகல் இரண்டு மணிக்குத் திடப்பொருளா திரவமா என்பது தத்துவக் கேள்வி. இதில் இரண்டு பள்ளிகள் உள்ளன. ஐஸ் பெட்டிக் கொள்கையர், துண்டு ஐஸ் பெட்டியிலேயே வசிக்க வேண்டும், விருந்தினர் அதை நாடிச் செல்ல வேண்டும் என்பர். மேசைக் கொள்கையர், காலை பதினொரு மணிக்கு வந்த விருந்தினருக்கும் மாலை ஆறு மணிக்கு வந்தவருக்கும் ஒரே முகத்தைக் காட்டுவதே பலகாரம், ஐஸ் பெட்டியில் வசிப்பது ஐஸ்கிரீம் என்பர். மேசைக் கொள்கையரின் கட்டளைக்கல், மூன்று நாள் திறந்து கிடந்தாலும் கலங்காத கெட்டி உருண்டை. அந்த அளவுகோலை வைத்தால் மனிதர்களில் பெரும்பாலோரே தேறமாட்டார்கள் என்பது ஐஸ் பெட்டிக் கொள்கையரின் மறுப்பு. நடுநிலையாளர் சிலர் தட்டுக்கு அடியில் ஐஸ் கட்டி வைத்து இரு தரப்பிடமும் திட்டு வாங்கியிருக்கிறார்கள். இந்தச் சண்டையைத் தீர்ப்பது செம்பனையே. பருப்புக் கொழுப்பை, ஆலை விரும்பினால், கோக்கோ வெண்ணெயைவிடச் சற்று உயர்ந்த வெப்பத்தில் உருகும்படி தயாரிக்கலாம். வெப்ப நாட்டுக் கடைகளுக்கு அப்படியே தயாரிக்கிறார்கள். அத்தகைய சாக்லேட்டில் செய்த துண்டு மேசையில் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். புஞ்சாக் ஆலாம் வெயிலில் உட்கார முடிந்த சாக்லேட் துண்டு எதுவோ, அது செம்பனையின் தயவில் உட்கார்ந்திருக்கிறது.

செம்பனை எந்த ஊர்? 1917இல், இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பின்னாளில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை பகுதியில், தென்னமரம் என்ற பெயர் கொண்ட தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகத்துக்காகப் பயிரிட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். புஞ்சாக் ஆலாமும் அதே மாவட்டம். ஃபோக்கோனியே மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. காலையில் பிரட்டுக்கு நின்று, குழி வெட்டி, கன்று சுமந்து, குலை அறுத்து, உதிரிப்பழம் பொறுக்கியவர்களுக்குப் பரிசுக்குழு எதுவும் அமைக்கப்படவில்லை. துண்டுக்குப் பெயர் வைக்கும்போதும் சாக்லேட்டையும் கச்சானையும் சொல்கிறோம், பிடித்து நிறுத்திய கொழுப்பைச் சொல்வதில்லை. ஆய்வு நூல்களில் தரவு திரட்டியவர்கள் நன்றியுரையின் கடைசி வரியில், ‘மற்றும் பலர்’ என்ற பெயரில் வருவது இதே மரபு.

இரண்டு மறுப்புகள் மிஞ்சியிருக்கின்றன. செம்பனைப் பருப்பெண்ணெயில் சோப்பும் செய்கிறார்களே, அப்படியானால் சோப்பும் கோல சிலாங்கூருக்குரியதா? ஆம். அடுத்தது: செம்பனையே மேற்கு ஆப்பிரிக்க மரம், 1848இல் ஜாவாவின் போகோர் தாவரப் பூங்காவுக்கு வந்த நான்கு கன்றுகளின் வாரிசுகள் சுமத்திரா வழியாக இங்கே வந்தன, அப்படியிருக்க அதன் பூர்வீகம் கோல சிலாங்கூர் ஆவது எப்படி? இது வலுவான மறுப்பு. ஆகவே இதற்கான விரிவான விடையைப் பின்னிணைப்பில் தந்திருக்கிறோம். இடமின்மையால் பின்னிணைப்பு அச்சேறவில்லை.

செய்முறை பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு குறைவு, ஏனெனில் அவர்கள் செய்வதில்லை. 200 கிராம் சமையல் சாக்லேட்டைக் கொதிநீருக்கு மேல் வைத்த பாத்திரத்தில் உருக்கி, அரைக் கோப்பை கச்சான் வெண்ணெய் கலந்து, மூன்று கோப்பை கோர்ன்பிளேக்ஸும் ஒரு கைப்பிடி பருப்பும் சேர்த்துப் புரட்ட வேண்டும். பாத்திரத்துக்குள் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் சாக்லேட் திரைந்து மணல்மணலாகிவிடும். மூடியில் கோக்கும் ஆவியும் நீர்தான். தாள் விரித்த தட்டில் அழுத்தும்போது மனத்தாங்கலைக் காட்டக் கூடாது: பலமாக அழுத்தினால் கோர்ன்பிளேக்ஸ் தவிடாகும், மெத்தென்று விட்டால் வெட்டும்போது பிரியும். இரண்டு மணி நேரம் ஐஸ் பெட்டியில் இறுகிய பின், வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் வெட்டலாம்.

மலேசியாவில் 2000ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்துவிட்டது; சரவாக் மிளகு பதிவும் பெற்றுவிட்டது. கோல சிலாங்கூர் கச்சான் சாக்லேட் துண்டுக்கு விண்ணப்பிக்க முன்வரும் அன்பர்கள் மாதிரித் துண்டுகளோடு காலையிலேயே அலுவலகம் போய்விடுவது நல்லது. மதிய உணவு நேரத்துக்குப் பிறகு போனால் கரண்டியும் கொண்டுபோகவும்.