கப்பல் கிளம்பும் முன்பே இறங்கியவர்கள்

(திருவல்லிக்கேணி, பாரதி சாலை. பழைய ஆட்களுக்கு அது இன்னும் பைகிராஃப்ட்ஸ் ரோடுதான். மழை விட்டு விட்டுத் தூறுகிறது. பழைய புத்தகக் கடையில் வாடிக்கையாளர் யாருமில்லை. கடைக்காரர் பாய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். முதுகில் பையும் கையில் கனமான நோட்டுமாக ஒரு தம்பி உள்ளே ஒதுங்குகிறான்.)

தம்பி: பாய், க்ளாசிக்ஸ் இருக்கா? வார்த்தை கனமா இருக்கணும்.

பாய்: எவ்ளோ கனம்?

தம்பி: பக்கத்துக்குப் பத்து வார்த்தையாவது எனக்குத் தெரியாததா இருக்கணும். கதை எப்படி இருந்தாலும் பரவாயில்ல.

பாய்: கீழ் வரிசையில மோபி டிக் மூணு கெடக்கு. மெல்வில் 1851-ல எழுதினது. எடுத்துக்கோ.

தம்பி: (புரட்டியபடி) அட, யாரோ ஓரத்துல பென்சில்ல அர்த்தமே எழுதி வெச்சிருக்காங்க! எனக்கு அகராதி புரட்டுற வேலை மிச்சம்.

பாய்: எதுவரைக்கும் எழுதியிருக்கு பாரு.

தம்பி: பதினெட்டாம் பக்கம். அப்புறம் சுத்தமா இருக்கு.

பாய்: மத்த ரெண்டையும் பாரு.

தம்பி: இதுல இருபத்திமூணு. இதுல... பன்னெண்டுதான்.

பாய்: அந்தக் கதையில கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பறதே 22-ஆம் அத்தியாயத்துல. கேப்டன் ஆகாப் மேல்தளத்துக்கு வந்து முகம் காட்டறது 28-ல. வெள்ளைத் திமிங்கலம் 133-ல. மொத்தமே 135 அத்தியாயம்தான். இத்தனை வருஷமா என்கிட்ட இதை வாங்கினவங்கள்ல முக்காவாசிப் பேர் கப்பல்லயே ஏறல தம்பி. பென்சிலை வெச்சுக்கிட்டு கரையிலயே நின்னுட்டாங்க.

தம்பி: நான் நிக்க மாட்டேன். இதோ பாருங்க, நோட்டு. இடது பக்கம் வார்த்தை, நடுவுல அர்த்தம், வலது பக்கம் எங்க உபயோகிச்சேன்னு தேதியோட.

பாய்: (நோட்டை வாங்கி) எழுத்து அழகாத்தான் இருக்கு. வலது பக்கம் மட்டும் காலியா இருக்கே. ஒரே ஒரு இடத்துல சிவப்பு மையில வட்டம் போட்டிருக்க, அது இன்னா?

தம்பி: அதை விடுங்க.

பாய்: மழை விடற மாதிரி இல்ல. சொல்லு.

தம்பி: ஆபீஸ்ல மேனேஜர் எனக்கு ரெண்டு நாள் லீவு குடுத்தார். நன்றி சொல்லி மெயில் போட்டேன். அதுல 'உங்கள் கான்டிசென்ஷனுக்கு நான் கடமைப்பட்டவன்'னு இங்கிலீஷ்ல எழுதினேன். மறுநாள் ஹெச்.ஆர். கூப்பிட்டு, மேனேஜரோட ஏதாவது பிரச்சினையான்னு கேட்டாங்க. நான் சொந்தமா எழுதல பாய். ஜேன் ஆஸ்டின்ல அப்படித்தான் இருக்கு!

பாய்: இருக்கு. பிரைட் அண்ட் பிரெஜுடிஸ், 1813. யார் சொல்றாங்க?

தம்பி: யார் சொன்னா என்ன? புத்தகத்துல இருக்கே.

பாய்: காலின்ஸ்னு ஒரு பாதிரி. கேத்தரின் சீமாட்டி பிச்சை போட்ட உத்தியோகம் அது. அந்தம்மா ஒரு தடவை சாப்பிடக் கூப்பிட்டா ஊர் முழுக்க அதையே பேசிட்டுத் திரிவாரு. பெரிய இடத்து ஆள் இறங்கிவந்து நம்மகிட்ட நாலு வார்த்தை பேசினா, அந்தக் காலத்துல அந்தப் பெருந்தன்மைக்கு அது பேரு. இன்னிக்கு அதே வார்த்தைக்கு, எதிராளியை ஒண்ணும் தெரியாத பச்சப்புள்ளையா நெனச்சுப் பேசற திமிர்னு அர்த்தம். நீ நன்றி சொல்லல. புகார் குடுத்திருக்க.

தம்பி: அப்ப 1813-ல எழுதியிருந்தா சரியா இருந்திருக்குமா?

பாய்: அப்பவும் சிரிச்சிருப்பாங்க. காலின்ஸ் வாயில அந்த வார்த்தையை வெச்சதே சிரிக்கறதுக்குத்தான். அந்தப் புத்தகத்துல எத்தினி பேரு நல்லாப் பேசறாங்க, எலிசபெத் எவ்ளோ அழகாப் பேசும்! நீ காலின்ஸைப் போய்ப் புடிச்சிருக்க.

தம்பி: ஒரு விபத்தை வெச்சு மொத்தமா முடிவு கட்டாதீங்க. இதோ, ஷேக்ஸ்பியர்லயே மிக நீளமான வார்த்தை. 27 எழுத்து. மூச்சு விடாம சொல்றேன்: ஹானரிஃபிகாபிலிடூடினிடாடிபஸ்!

பாய்: சபாஷ். இது யார் சொல்றது?

தம்பி: ...ராஜாவா இருக்கும்.

பாய்: காஸ்டர்ட். லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட் நாடகத்துக் கோமாளி. பக்கத்துல வாத்தியார் ஒருத்தர் லத்தீனும் இங்கிலீஷும் கலந்து அலட்டிக்கிட்டு இருப்பாரு. அவரைக் கிண்டலடிக்க கோமாளி எடுத்து வுடற வார்த்தை அது. ஷேக்ஸ்பியர் அதை வேற எங்கயும் தொடல. நீ தொட்டிருக்க.

தம்பி: (நோட்டைப் புரட்டி) மிஸஸ் மாலப்ராப்?

பாய்: அந்தம்மாவையும் சேர்த்துட்டியா! ஷெரிடன் எழுதின தி ரைவல்ஸ். 1775-ல லண்டன் கோவென்ட் கார்டன்ல மேடை ஏறினப்ப அவனுக்கு வயசு 23. பெரிய வார்த்தை பேசணும்னு அந்தம்மாவுக்கு ஆசை. நைல் கரையில இருக்கற அலிகேட்டரைச் சொல்ல வந்து அலிகரின்னு சொல்லிடும். சனங்க இன்னும் சிரிக்கறாங்க. அந்தம்மா பேர்லயே இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை உண்டாயிடுச்சு. உன் நோட்டுல அதுவும் இருக்கணுமே?

தம்பி: ம். 'எம்' வரிசையில.

பாய்: டிக்கன்ஸ்ல யாரைப் புடிச்சிருக்க?

தம்பி: மிக்காபர். வாக்கியம் ஒவ்வொண்ணும் அரைப் பக்கம் போகும்.

பாய்: போவும். போயி, கடைசியில சுருக்கமாச் சொன்னான்னு நிறுத்தி, ஒரு வரியில விஷயத்தைச் சொல்லுவாரு. விஷயம் இன்னான்னா கையில காசில்ல. டிக்கன்ஸோட அப்பாவை வெச்சுச் செஞ்ச ஆளுன்னு சொல்லுவாங்க. அப்பா கடன் கட்ட முடியாம 1824-ல மார்ஷல்சீ சிறைக்குப் போனவரு. எனக்கு மிக்காபர் மேல பாசம் உண்டு, தப்பா நெனக்காத. ஆனா கடன்காரன் வாசல்ல நிக்கறப்ப வர்ற இங்கிலீஷ் அது. இண்டர்வியூவுல எடுத்து வுட்டா எப்படி?

தம்பி: அப்ப பெரிய வார்த்தை பேசறவன் எல்லாம் கோமாளியா?

பாய்: அப்படிச் சொல்லுவேனா? ஆகாப் வாயைத் திறந்தா கடலே ஒரு நிமிஷம் நிக்கும். அந்த ஆளுக்கு அந்த வார்த்தை வேணும், அவன் வெறி அந்த அளவு. யார் வாயில எதை வெச்சான்னு பாருன்னுதான் சொல்றேன். நீ ஆளை வுட்டுட்டு வார்த்தையை மட்டும் உருவிட்டு வந்திருக்க.

தம்பி: பாய், உங்களுக்கு இதெல்லாம் தமாஷ். நான் தமிழ் மீடியம். குரூப் டிஸ்கஷன்ல கான்வென்ட் பையன் வாயைத் திறந்ததும் எல்லாரும் அவன் பக்கம் திரும்பறாங்க. நான் பேசினா கடிகாரத்தைப் பாக்கறாங்க. நான் வேற எதை வெச்சுச் சண்டை போடறது?

பாய்: (கொஞ்சம் தணிந்து) அது நெசம். அதுல நான் சிரிக்கல. ஆனா அந்தப் பையன் பேசறப்ப கவனிச்சியா? எத்தினி தடவை 27 எழுத்து வார்த்தை சொன்னான்?

தம்பி: சொல்லல. எல்லாம் கெட், புட், செட், டேக்... அதைத்தான் மாத்தி மாத்திப் போட்டு ஓட்டினான்.

பாய்: ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியோட 1989 பதிப்புல நீளமான பதிவு எந்த வார்த்தைக்கு, தெரியுமா? அந்த செட்டுக்குத்தான். 400-க்கு மேல பொருள். உன் நோட்டுல இருக்கா?

தம்பி: அது தெரிஞ்ச வார்த்தையாச்சேன்னு எழுதல.

பாய்: அப்படியா.

தம்பி: (சற்று யோசித்து) ஆனா மனப்பாடம் நம்ம முறைதானே? திண்ணைப் பள்ளிக்கூடத்துல நிகண்டையே உருப்போட்டாங்க. யானைக்குக் களிறு, வேழம், கரி, கைம்மான்னு பசங்க ஒப்பிச்சாங்க. அவங்க எல்லாம் முட்டாளா?

பாய்: இப்பத்தான் சரியா மடக்கின. ஒப்பிச்சாங்க, கெட்டிக்காரங்கதான். அடுத்தாப்ல புராணம், காவியம்னு படிக்கிறப்ப அந்த வார்த்தை எதிர்ல வரும், புரியும். அதுக்குத்தான் நிகண்டு. தெருவுல கோயில் யானை வந்தா எவனாச்சும் 'வேழம் வருகிறது, விலகுங்கள்'னு கத்தினானா? யானை வருது, ஓடுன்னுதான் கத்தினான்.

தம்பி: அப்ப எப்படித்தான் படிக்கச் சொல்றீங்க?

பாய்: உன் மிக்காபர் வர்ற டேவிட் காப்பர்ஃபீல்டு 1849-ல தொடங்கி மாசா மாசம் தவணையா வந்துச்சு. ஒரு தவணை ஒரு ஷில்லிங். கல்கி பத்திரிகையில பொன்னியின் செல்வன் வந்தப்ப நம்ம ஆளுங்க வாராவாரம் காத்துக் கெடந்தாங்களே, அந்த மாதிரிதான். எவனும் அகராதியைப் பிரிச்சு வெச்சுட்டுக் காத்துக் கெடக்கல. அடுத்து இன்னா ஆச்சுன்னு காத்துக் கெடந்தான். பாதி வார்த்தை புரியாமலே ஓடும், பத்து எடத்துல பார்த்தப்புறம் தானாப் புரியும்.

தம்பி: நீங்க அப்படித்தான் படிச்சீங்களா?

பாய்: மழை நாள்ல வேற இன்னா வேலை? (ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி) இந்தா, கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ். இதுல ஜோன்னு ஒரு கொல்லன் வர்றான். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திண்டாடுவான். பிப்புன்னு அவன் வளர்த்த பையன் லண்டன் போயி பெரிய மனுஷனாகி, இவனைப் பார்த்து வெக்கப்படுவான். கடைசியில பையன் காய்ச்சல்ல கெடக்கறப்ப வந்து பார்த்துக்கிட்டவனும் ஜோதான். கடனையும் அடைச்சுட்டு, சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிடுவான். அவன் பேசறதுல ஒரு வார்த்தை கூட உன் நோட்டுக்குத் தேறாது.

தம்பி: (வாங்கிப் புரட்டத் தொடங்குகிறான். நோட்டு பாயின் மேஜையிலேயே கிடக்கிறது. முதல் பக்கம் தாண்டி, இரண்டாம் பக்கம் தாண்டி, பதில் சொல்வதையே விட்டுவிடுகிறான்.)

(குடையை மடக்கிக்கொண்டு ஒரு கல்லூரி மாணவி வருகிறாள்.)

மாணவி: பாய், ஜி.ஆர்.ஈ.க்கு வேர்ட் லிஸ்ட் இருக்கா? கஷ்டமான வார்த்தையா வேணும்.

பாய்: வாம்மா! 3,500 வார்த்தை போட்ட கைடு இருக்கு, 150 ரூபா. அருமையான புத்தகம், கண்ணை மூடிட்டு எடுத்துக்கலாம்.

தம்பி: (திடுக்கிட்டு நிமிர்ந்து) பாய்! அந்தப் பரீட்சையில எதிர்ச்சொல் கேள்வியை எல்லாம் 2011-லயே எடுத்துட்டாங்க. இவ்வளவு நேரம் என்கிட்ட என்ன சொன்னீங்க?

பாய்: மழைக்குப் பேசினது வேற, வியாபாரம் வேற. (மாணவியிடம்) அதைவிட ஒசத்தியா ஒண்ணு இருக்கும்மா. கையால எழுதினது. மெல்வில், ஆஸ்டின், ஷேக்ஸ்பியர்ல இருந்து பொறுக்கினது. ஊர்லயே ஒரே பிரதி. 300 ரூபா.

தம்பி: பாய், அது என் நோட்டு!

பாய்: பாத்தியாம்மா, எழுதினவரே நேர்ல நிக்கறாரு. கையெழுத்துப் போட்டு வேணும்னா, அம்பது கூட ஆவும்.