பெயர் மட்டும் பத்திரம்

டெக்சாஸில் 2024-இல் ஒரு வழக்கு. விண்ணப்பம் கேட்காதவர்களுக்கும் வாக்காளர் பதிவுப் படிவத்தைத் தபாலில் அனுப்பத் தீர்மானித்த பெக்சார் கவுண்டி மீது மாநிலச் சட்டமா அதிபரே வழக்குப் போட்டார். பாவம், நாகரிகம் தெரியாத நாடு! யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்கு வந்து பாருங்கள். 1980-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்கச் சட்டம் எங்களுக்காக விழித்திருக்கிறது. வருடந்தவறாமல் வாக்காளர் இடாப்பைத் திருத்த விதானையார் படலையடிக்கே வருவார். ஆர் இருக்கினம், ஆர் செத்துப்போச்சினம், ஆர் கனடா போட்டினம்?

கனடாப் பேச்சு வந்தால் பெயரை வெட்டப் பேனை துள்ளும். இலங்கைக் கடவுச்சீட்டோடு கட்டாரில் வேகிறவன் அனுப்பும் காசை மத்திய வங்கி மாதாமாதம் எண்ணும். அவனுடைய வாக்கை எண்ண மட்டும் வழியில்லை. தபால் வாக்கு உள்ளூரில் கடமையிலிருக்கும் அரச ஊழியருக்கும் படையினருக்கும்தான்.

வெட்டிய பெயருக்கு விலையும் உண்டு. 196 மாவட்ட ஆசனங்களில் 160 இடாப்பிலுள்ள தலைக்கணக்கின்படி பங்கிடப்படுபவை. யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 2010-இல் 9 ஆசனம், 2015-இல் 7, 2024-இல் 6. குண்டு போட்டுக் கலைத்தவர்களே, ஆளைக் காணவில்லையென்று கதிரையையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

சரி, மிஞ்சிய பெயர்களால் என்ன பயன்? வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21-இல் வாக்களித்தோம். 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தது. அன்று முதல் ஆளுநர்தான். எல்லை நிர்ணயம் முடியவில்லையாம்! எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்தார்கள், ஆதரித்தவர் ஒருவருமில்லை. கொண்டுவந்த அமைச்சரும் எதிர்த்தே வாக்களித்தார். தனிநாட்டுக்கு 1976-இல் தீர்மானம் போட்ட ஊர், இன்று ஒரு மாகாண சபைத் தேர்தலுக்குக் கையேந்துகிறது. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு அடிக்கத் திறைசேரியில் காசில்லை என்றார்கள். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், வாக்குப்போட 2025 மே 6 வரை காத்துக்கிடந்தோம்.

இதற்குள் 2021-இல் இடாப்புச் சட்டத்துக்கு ஒரு திருத்தம்: 18 வயது நிறைந்த பிள்ளை அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டாம், துணை இடாப்பில் பெயர் ஏறிவிடும். 2013-இல் வயது போதாமல் வீட்டில் நின்ற அண்ணாவுக்கு இப்போது தலை நரைக்கிறது. மாகாண சபை வாக்குச்சீட்டை அவர் கண்ணாலும் கண்டதில்லை. தம்பியின் பெயரை ஏற்ற இவ்வளவு அந்தரப்படுகிறவர்கள், அண்ணாவின் வாக்கை எந்தப் பெட்டியில் போடுவதென்றும் சொல்லட்டுமே.