பேசத் தெரிந்த டார்ச் லைட்

செல்போனில் டார்ச் வந்ததற்காகச் சிலை வைப்பதென்றால், நம்ம ஊர் கரண்ட் கட்டுக்குத்தான் வைக்க வேண்டும். 2003-ல் வந்த நோக்கியா 1100 நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்தே செய்த போன். தூசி புகாத கீபேட், வியர்த்த கையிலும் வழுக்காத உடம்பு, உச்சந்தலையில் டார்ச். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. எங்கள் அப்பா அதில் பேசியதைவிட ஃபியூஸ் போட்டதுதான் அதிகம்.

அடுத்து நாம் கேட்டது இரண்டு சிம். ஒன்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த நம்பர். இன்னொன்று எவன் ஆஃபர் தருகிறானோ அவனுடையது. மாற்றி மாற்றிப் போட்டதில் பின்மூடி தளர்ந்து, ரப்பர் பேண்டின் தயவில் காலம் தள்ளிய போன்கள் ஏராளம். சீன செட்டுகளுக்கும் மைக்ரோமேக்ஸுக்கும் இந்த அவஸ்தை சீக்கிரமே புரிந்தது. 2006 முதல் ஸ்ரீபெரும்புதூரிலேயே ஆலை நடத்திய நோக்கியாவின் இரட்டை சிம் போன் நம் கடைக்கு வர 2011 ஆயிற்று. ஆப்பிளே 2018-ல் இறங்கிவந்து இரண்டு நம்பருக்கு இடம் கொடுத்தது.

நாவலூரில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் இன்னும் பட்டன் போன்தான். பாலிதீன் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். "டச் போன் வாங்கலாமேக்கா?" என்றேன். "ஈரக் கையால தொட்டா அது பாட்டுக்கு யாருக்கோ போன் போடுது சார். போன் பேசுறதா, வஞ்சிரம் வெட்டுறதா?" என்றார். போன் கம்பெனிகள் லட்சக்கணக்கில் சம்பளம் கொடுத்துத் தெரிந்துகொள்வதை, மீன் வாங்குகிறவனுக்கு இலவசமாகவே சொல்லிவிட்டார்.

தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சிக்கல் என் மச்சான் போன்றவர்களால். சிறுசேரியில் ஐடி வேலை. "கைக்கு அடக்கமா ஒரு போன் விடமாட்டேங்கிறானுங்க மாமா" என்று வருஷக்கணக்காகப் புலம்பினான். ஆப்பிள் 2020-லும் 2021-லும் ஐபோன் மினி விட்டது. மச்சான் கடைக்குப் போனான், மினியைத் தடவிப் பார்த்தான், "அழகா இருக்குல்ல" என்றான், இருப்பதிலேயே பெரியதை வாங்கிக்கொண்டு வந்தான். உலகெங்கும் மச்சான்கள் இப்படித்தான் போலிருக்கிறது. 2022-ல் மினி வரவில்லை.

2016-ல் ஆப்பிள் ஐபோன் 7-லிருந்து ஹெட்போன் துளையை எடுத்தபோதும் இதே கதைதான், உலகமே திட்டியது. திட்டிக்கொண்டே வரிசையில் நின்று வாங்கியது. கேலி செய்த கம்பெனிகளும் பின்னாலேயே துளையை அடைத்தன. 2020-ல் பெட்டியிலிருந்து சார்ஜர் போனது; அதற்கும் அதே திட்டு, அதே வரிசை.

இப்போது எங்கள் தெரு டெய்லர் சட்டைக்கு அளவெடுக்கும்போது, "பாக்கெட் பழைய சைஸா, போன் சைஸா?" என்று கேட்கிறார். நம் பைக்கு ஏற்ற போன் கேட்டோம். போனுக்கு ஏற்ற பை கிடைத்திருக்கிறது.

கம்பெனிக்காரன் காதில் நம் புலம்பல் ஏறாது, பில் மட்டும்தான் ஏறும். கழற்றி மாட்டும் பேட்டரி, ஹெட்போன் துளை, கையடக்கமான உடம்பு இதெல்லாம் வேண்டுமென்றால், அவை உள்ள போனைத் தேடிக் காசு கொடுத்து வாங்குங்கள். வாங்க மனசில்லை என்றால், தயவுசெய்து என் மச்சானிடம் போய்ப் புலம்புங்கள்.