டீயில் தோய்த்த ஓட்ஸ் பிஸ்கட்: குன்றத்தூரை முன்வைத்து ஓர் ஆய்வு

குளூட்டன் இல்லாத, சர்க்கரை குறைந்த ஓட்ஸ் பிஸ்கட் என்பது ஓட்ஸ் மாவு, வெண்ணெய், கொஞ்சம் இனிப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நம்பாமல் கூடியிருக்கும் தின்பண்டம். மைதா பிஸ்கட்டில் மாவைப் பிடித்து வைப்பதில் கோதுமைப் புரதமான குளூட்டனுக்குப் பங்குண்டு. சர்க்கரை அடுப்பில் உருகி, பிஸ்கட்டை அகலப் பரப்பி, ஆறியதும் மொறுமொறுப்பு தருகிறது. முன்னதை நீக்கிப் பின்னதைக் குறைத்தால், எடுத்த கையிலேயே உதிரும் வெளிறிய வில்லைதான் மிச்சம். அதைக் கட்டிப்போடக் கனிந்த வாழைப்பழமோ பேரீச்சை விழுதோ சேர்ப்பது வழக்கம். இரண்டும் சர்க்கரையைக் கொல்லைப்புற வழியாக அழைத்து வருபவை. நாட்டுச் சர்க்கரைக்கு அந்தக் கூச்சமும் இல்லை. அதில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான்.

ஓட்ஸில் இயல்பாகக் கோதுமைக் குளூட்டன் கிடையாது. அதன் புரதம் அவினின். குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளில் மிகச் சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. பெரிய வில்லங்கம், வயலிலும் ஆலையிலும் கோதுமையும் பார்லியும் வந்து கலப்பது. எனவே ‘குளூட்டன் இல்லாதது’ என்று உறையில் அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். (கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். நம் வீட்டுக் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு உண்டென்பதை அவர் அறிய வாய்ப்பில்லை.)

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அடியார் வரலாறு எழுதியவரின் ஊரில் பிஸ்கட்டுக்கு வரலாறு எழுத எவரும் முன்வராதது ஆய்வுலகின் குறையே. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்போருக்குக் களம் டீக்கடை; அங்கே அதிகாரம் கண்ணாடி ஜாடிக்கு. ஜாடியில் பட்டர் பிஸ்கட்டும் உப்பு பிஸ்கட்டும் குடியிருக்கின்றன. அங்கே குடியேறும் பத்து கிராம் ஓட்ஸ் பிஸ்கட்டுக்குச் சட்டம் அனுமதிக்கும் குளூட்டன் 0.2 மில்லிகிராம். பக்கத்து பட்டர் பிஸ்கட்டிலிருந்து எறும்பு தூக்கிப்போகும் அளவு துகள் ஒட்டினாலே அந்த வரம்பு தாண்டிவிடும். மாஸ்டரின் கையில் எப்போதும் அதைவிட அதிகமாகவே ஒட்டியிருக்கும்.

சர்க்கரைக் கணக்கு இன்னும் சுவையானது. திட உணவில் 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேற்படாவிட்டால் ‘சர்க்கரை குறைவு’ எனலாம். அப்படியானால் பத்து கிராம் பிஸ்கட்டில் அதிகபட்சம் அரை கிராம். ஸ்பூனுக்கு 4 கிராம் என்று கொண்டால், இரண்டு ஸ்பூன் போட்ட டீயில் 8 கிராம். ஆக, ஒரு கிளாஸ் டீ பதினாறு பிஸ்கட்டுக்குச் சமம். சிக்கனமாக ஒரே ஒரு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்பவர், அந்தப் பதினாறையும் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார். ‘சக்கரை கம்மியா’ என்று கேட்பவருக்கு மாஸ்டர் கரண்டியைச் சற்றே சாய்ப்பார். எவ்வளவு என்பது அவரவர் கை வாகு.

உறையின் முகப்பில் ஓட்ஸ் கதிர் படம் போட்ட பிஸ்கட்டெல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. பொட்டலத்தைத் திருப்பினால் முதலில் நிற்பது பலவற்றில் மைதா. டீயில் தோய்த்தும் சோதிக்கலாம். மைதா பிஸ்கட் வாய்க்குப் போகும்வரை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அசல் பாதியிலேயே கழன்று கிளாஸின் அடியில் உட்காரும். அதை வழித்தெடுக்க ஸ்பூன் வேண்டும். டீக்கடையில் ஸ்பூன் கேட்பது மரபல்ல.