120 குதிரை, ஒரு கடிவாளம்

பக்கத்து வீட்டுத் தம்பியைப் பாராட்டத்தான் வேண்டும். வார இறுதிக்கென்று ஐ20 என் லைன் காரை வாடகைக்கு எடுத்திருந்தார். 998 சிசி டர்போ எஞ்சின், 120 குதிரைத்திறன். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் உண்டு. அதனாலென்ன? யானை கட்டிப் போரடித்த பரம்பரை, குதிரை கட்டிப்போட்டுச் சவாரி செய்யக்கூடாதா? கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, வண்டி இரவல் என்று ஊருக்கே அறிவித்தது. அதுவும் ஒரு நேர்மைதான்.

எடுக்கும்போதே கீறல்களைப் படம்பிடிக்க வண்டியை மூன்று முறை வலம்வந்தார். கபாலீசுவரரைக்கூட அவ்வளவு பயபக்தியோடு சுற்றியதில்லை. திருவான்மியூர் சிக்னலில் நாற்பது நிமிடம் உறுமினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பேருந்துக்குப் பெருந்தன்மையாக வழிவிட்டார்.

ஞாயிறு இரவு சாவியை ஒப்படைத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினார். கண்ணை இறுக மூடிக்கொண்டது அதில்தானாம்.