டூரிங் மாமா

மௌலா அலி ஹவுசிங் போர்டு காலனியில் டூரிங் மாமாவைத் தெரியாதவர்கள் கிடையாது. லோகோ ஷெட்டில் ரிட்டயர் ஆனவர். சைக்கிளிலேயே ராமேஸ்வரம் போகப்போகிறார். சைக்கிள்தான் இன்னும் வாங்கவில்லை.

ஃபிரேம் ஸ்டீல்தான், அதில் பேச்சுக்கு இடமில்லை. "அலுமினியம் விட்டுப்போச்சுன்னா எவன் ஒட்டுவான்? ஸ்டீல்னா எந்த ஊர்ப் பட்டறையிலும் பத்தவச்சுக்கலாம்." அவர் பார்த்துவைத்திருக்கும் குரோமோலி ஸ்டீல் குழாய் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இராது, ஜன்னல் கிராதி பற்றவைக்கிறவர் ராடை வைத்தால் ஓட்டைதான் விழும். இதை யாராவது சொன்னால் மாமா ஃபிரேமை மாற்றமாட்டார்; நல்ல வெல்டர் இருக்கிற ஊராகப் பார்த்து ரூட்டை மாற்றுவார்.

கிராங்க் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே 460 மில்லிமீட்டராவது வேண்டும், இல்லாவிட்டால் மிதிக்கும்போது குதிகால் பின்பையில் இடிக்கும் என்பார். நியாயமான பேச்சு. அதை நிரூபிக்க ஸ்டூலில் உட்கார்ந்து காற்றில் மிதிப்பார். பின்னால் பையைப் பிடித்தபடி மாமி நிற்பார். "பால் பொங்கறது. இப்போ எந்த ஊர்ல போயிண்டிருக்கேள்?"

சக்கரத்தில்தான் மனிதர் ஒடிந்துபோனார். அகலப் பாதை என்றால் காஜிப்பேட்டையிலும் 1676, காட்பாடியிலும் 1676 என்று வாழ்ந்தவர். இங்கேயோ மலையேறும் சைக்கிளின் 26 அங்குல டயருக்கு ரிம் 559 மில்லிமீட்டர். 26 × 1⅜ என்று போட்டிருந்தால் 590. வெளிநாட்டு 28-க்கு 622. நம் கறுப்பு ரோட்ஸ்டரின் 28 × 1½-க்கு 635. ஒரே பெயரில் இரண்டிரண்டு அளவாக ஊரை ஏமாற்றுகின்றன.

சக்கரம் சிறுத்தால் ஏற்றத்தில் மிதிக்க லேசு என்று மௌலா அலி தர்கா குன்றைக் காட்டுவார். அங்கே இருப்பது நூற்றுக்கணக்கான படிகள்.

கடைசியில் டேப்போடு சைக்கிள் கடைக்குப் போனார். "பட்டிக்காட்டுலயும் டயர் கிடைக்கிற சைஸ் வேணும்" என்பதை இந்தியில் சொன்னார். கடைக்காரர் யோசிக்கவேயில்லை. "ஹர் காவ் மே யஹீச் மில்தா சாப்" (எல்லாக் கிராமத்திலும் இதுதான் கிடைக்கும்) என்று 635 ரோட்ஸ்டரை உருட்டிவந்து நிறுத்தினார். கொள்கைப்படி அன்றைக்கே வாங்கியிருக்கவேண்டும். மாமா அதை அளக்கக்கூட இல்லை.

அவர் பேச்சைக் கேட்டு 26-ல் ஒன்று வாங்கிய பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூருக்கே போய்விட்டு வந்தான். தெருவே கூடி வழி, வெயில், சாப்பாடு எல்லாம் விசாரித்தது. மாமா அவனைத் தனியே கூப்பிட்டார்.

"குதிகால் இடிச்சுதாடா?"